பி.எச்.பி: 18 வருடம் புழங்கிய பிறகு ஒரு விமர்சனம்

போன மாதம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். "மாமா, நான் எழுதுற ப்ரோகிராம் எல்லாம் என் கம்ப்யூட்டர்லயே ஓடுது, ஃப்ரெண்ட்ஸ் அவங்க போன்ல திறந்து பாக்குற மாதிரி எப்படிப் போடுறது?" என்று கேட்டாள். யோசிக்காமல் பி.எச்.பி என்றேன், வலைப்பக்கங்களை அனுப்பும் கணினியான சர்வரில் ஓடும் ஒரு ப்ரோகிராமிங் மொழி. "அதெல்லாம் பழசு, இப்ப யாரும் தொடுறதில்லைன்னு சொல்றாங்களே" என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சர்வரில் என்ன மொழி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடிகிற வலைத்தளங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் 70 சதவீதத்துக்கும் மேல் இன்றைக்கும் பி.எச்.பிதான். இதைவிட அழகான மொழிகள் எத்தனையோ இருக்க, இது எப்படி இவ்வளவு பரவியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த விமர்சனம் முழுமையாகும்.

1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் சொந்தப் பக்கத்தை, குறிப்பாகத் தன் பயோடேட்டாவை, யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சி மொழியில் எழுதிய சின்னச் சின்னக் கருவிகள்தான் இதன் ஆரம்பம். அடுத்த வருடம் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். மொழி ஒன்றைப் படைக்க வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. பிறகு ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் என்ற இரண்டு இஸ்ரேல் மாணவர்கள் அதைப் பிரித்துப்போட்டுத் திரும்ப எழுத, 1998இல் பி.எச்.பி 3 வந்தது. (பழைய பதிப்புகளில் இரட்டை முக்காற்புள்ளியைத் தப்பான இடத்தில் போட்டால் 'பாமாயிம் நெகுடோதாயிம்' என்று ஒரு எரர் வந்தது. அது ஹீப்ரு. ஆங்கிலம் மட்டுமே புழங்கும் உலகத்தில் தங்கள் தாய்மொழிச் சொல்லை அவர்கள் விட்டுவைத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

நான் 2006இல் இதற்குள் வந்தேன். ஈரோட்டில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்கு, சரக்கும் விலையும் பார்க்கிற மாதிரி ஒரு தளம் வேண்டும். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஜாவா. சரி, அதிலேயே செய்வோம் என்று ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகை இடம், விசாரித்தால், ஜாவா ஓடும் சர்வருக்குச் சொன்ன விலை சாதாரண ஹோஸ்டிங்கைவிடப் பல மடங்கு. சாதாரண ஹோஸ்டிங்கில் பெர்ல் என்ற மொழி இருந்தது, அதையும் இரண்டு நாள் முயன்றேன். ஃபைலைத் தனி ஃபோல்டரில் போட வேண்டும், அதற்கு ஓடுகிற அனுமதி கொடுக்க வேண்டும், முதல் வரியில் பெர்ல் எங்கே இருக்கிறது என்று சரியாக எழுத வேண்டும், பக்கத்தை அனுப்புவதற்கு முன்னால் தலைப்பு வரியும் அதற்கடுத்து ஒரு காலி வரியும் அனுப்ப வேண்டும். ஏதாவது ஒன்று தவறினால் வெள்ளைப் பக்கத்தில் '500' என்று வந்து நிற்கும், ஏன் என்று சொல்லாது. மூன்றாம் நாள் பி.எச்.பி. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த எச்.டி.எம்.எல் பக்கத்தின் ஃபைல் பெயரில் கடைசியில் வரும் .html என்பதை மட்டும் .php என்று மாற்றி, நடுவில் இன்றைய தேதியைக் காட்டும் ஒரு வரியைச் செருகி, பிரௌசிங் சென்டரில் இருந்து, ஃபைலை சர்வருக்கு அனுப்பும் எஃப்.டி.பி வழியாக ஏற்றிவிட்டு ரெஃப்ரெஷ் செய்தேன், தேதி வந்துவிட்டது. தப்பாக எழுதினால் எத்தனையாவது வரியில் தப்பு என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டியது. ஒரு மொழியின் முதல் மாலைப்பொழுது எப்படிப் போகிறது என்பது அவ்வளவு முக்கியம். அந்த மாலையில் விட்டுப் போனவர்கள் திரும்ப வருவதில்லை.

அந்த விலை வித்தியாசத்துக்கும் காரணம் இருக்கிறது, பி.எச்.பியின் பலம் முழுக்க அங்கேதான் என்று நினைக்கிறேன். ஜாவா சர்வர் ஒரு முறை எழுந்தால் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் பக்கம் பார்க்காவிட்டாலும் இருக்கும். பி.எச்.பி அப்படி இல்லை. ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது நாம் எழுதிய ப்ரோகிராம் கோடு ஓடும், பக்கம் போய்ச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் புதிதாகத் தொடங்கும். இதனால் ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்துக்கொள்ளலாம், ஒருவருடைய மோசமான கோடு பெரும்பாலும் அந்தப் பக்கத்தோடு செத்துப்போகும். ஹோஸ்டிங் வியாபாரிக்கு இது கட்டுப்படியானது, அதனால் எல்லோரும் வைத்தார்கள். எல்லோரிடமும் இருந்ததால் மென்பொருள் எழுதுகிறவர்களும் இதில் எழுதினார்கள்: விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி, கோடு எழுதாமலே தளம் நடத்த உதவும், 2003இல் வந்த வேர்ட்பிரஸ், 2004இல் தொடங்கிய ஃபேஸ்புக். உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு அருகில் இன்று வேர்ட்பிரஸ்தான். அதை நிறுவும் ஒவ்வொருவருக்கும், மொழியின் பெயரே தெரியாவிட்டாலும், பி.எச்.பி வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

மற்ற மொழிகளைப் பார்த்தாலும் இதே கதைதான் எனக்குத் தெரிகிறது. சி, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் தோளில் ஏறி ஊர் சுற்றியது. ஜாவாஸ்கிரிப்டை 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிரௌசருக்குள் எழுத வேறு மொழி இல்லாததால் பிடிக்காதவர்களும் கற்றுக்கொண்டார்கள். ரூபி சுமார் பத்து வருடம் சத்தமில்லாமல் இருந்தது, 2004இல் ரெயில்ஸ் என்ற, தளம் கட்ட உதவும் கருவித்தொகுப்பு (ஃப்ரேம்வொர்க்) வந்ததும் உலகமே பேசியது. ஆப்ஜெக்டிவ்-சியைப் பெரும்பாலானவர்கள் தேடிப் போனது ஐபோன் செயலி எழுதுவதற்காக. பைத்தான் 1991இலேயே வந்துவிட்டது, ஆனால் எண்களையும் தரவையும் கையாளும் நம்பை, பாண்டாஸ் மாதிரி லைப்ரரிகள் (யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த கோடுத் தொகுப்புகள்) சேர்ந்த பிறகுதான் விஞ்ஞானிகளும் கணக்குப் போடுகிறவர்களும் கூட்டமாக வந்தார்கள். ஹாஸ்கெல் எவ்வளவு நேர்த்தியான மொழி, 1990இல் இருந்து இருக்கிறது, அதைத் தவிர்க்கவே முடியாது என்று சொல்ல வைக்கும் ஒரு வேலை அதற்கு அமையவில்லை. படிக்கிறவன் மொழிக்காக வருவதில்லை, கையில் இருக்கும் வேலைக்காக வருகிறான்.

இனி குறைகள். பி.எச்.பியில் பெயர்களுக்கும் வரிசைக்கும் ஒழுங்கு கிடையாது. ஒரு சொல்தொடருக்குள் தேடும் ஃபங்ஷனில் தேடும் இடத்தை முதலில் கொடுக்க வேண்டும், தேடும் பொருளைப் பிறகு. பட்டியலுக்குள் தேடும் ஃபங்ஷனில் அப்படியே தலைகீழ். 18 வருடம் ஆகியும் நான் இதை மேனுவலில் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆரம்பகாலத்தில் ஃபங்ஷன்களை உள்ளே தேடிப்பிடிக்கப் பெயரின் நீளத்தையே அடையாளமாக வைத்திருந்ததாகவும், அதனால் பெயர்களை வேண்டுமென்றே வெவ்வேறு நீளத்தில் வைத்ததாகவும் லெர்டார்ஃபே சொல்லியிருக்கிறார். பெயர்கள் ஏன் இப்படி என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்பு விஷயம் இதைவிடப் பெரிய குறை. யூ.ஆர்.எல்லில் யார் எதை எழுதினாலும் அது நேராக ப்ரோகிராமுக்குள் வேரியபிளாக வந்து உட்காரும் ஒரு வசதி பழைய பதிப்புகளில் தானாகவே திறந்திருந்தது. 2002இல் மூடி வைத்தார்கள், 2012இல் வந்த 5.4இல்தான் ஒரேயடியாக எடுத்தார்கள். பூஜ்யமும் 'அப்பா' என்ற சொல்லும் சமமா என்று கேட்டால் 7 வரைக்கும் ஆமாம் என்றது, 8இல்தான் இல்லை என்று சொல்லக் கற்றது. சித்தப்பாவின் தளத்தில் 2008இல் ஒரு காலை போர்வைப் பெயர்கள் எல்லாம் அழிந்து வேறு என்னவோ எழுத்துகள் இருந்தன. தேடல் பெட்டியில் வந்ததை அப்படியே டேட்டாபேஸ் கட்டளையோடு ஒட்டியிருந்தேன், எவனோ அதற்குள் தன் கட்டளையைச் செருகிவிட்டான். கோடு என்னுடையது, பொறுப்பும் என்னுடையதுதான். ஆனால் அப்போது நான் பார்த்துப் படித்த பாடங்கள் முக்கால்வாசி அப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தன. எளிதாக உள்ளே விடும் மொழிக்கு எச்சரிக்கை சொல்லும் கடமை கூடுதலாக உண்டு, பி.எச்.பி அதை ரொம்பக் காலம் செய்யவில்லை.

இன்றைய பி.எச்.பி வேறு பொருள். 2015 டிசம்பரில் வந்த 7, அதற்கு முந்தையதைவிடச் சுமார் இரண்டு மடங்கு வேகம், அதுவும் நம் பக்கம் அதிகம் மாற்றாமலே. 2020இல் வந்த 8இல் எண், சொல் என்று தரவு வகைகளைக் கண்டிப்பாக எழுதலாம், கம்போஸரில் லைப்ரரிகளை ஒழுங்காக இறக்கலாம், லாராவெல் என்ற ஃப்ரேம்வொர்க்கில் வேலை செய்வது சுகமாகவே இருக்கிறது. பழைய டேட்டாபேஸ் ஃபங்ஷன்களை 7இல் தூக்கிவிட்டார்கள், நான் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன், மாற்றியது நல்லதுக்குத்தான். கடைத்தளம், செய்தித்தளம், பள்ளி, சங்கம், அலுவலகப் படிவங்கள் என்றால் தயங்காமல் எடுங்கள். நேரடி அரட்டை, மெஷின் லேர்னிங் என்றால் இதை இழுக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத் தொடங்கும் அதே குணம் அரட்டையில் இடைஞ்சலாகிவிடும். மெஷின் லேர்னிங்கில் லைப்ரரிகள் எல்லாம் பைத்தான் பக்கம்.

அப்புறம் அக்கா மகள் கதை. மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். பெயரைத் தட்டினால் அதில் எத்தனை எழுத்து என்று சொல்லும் பக்கம் வேண்டும் என்றாள். என் கணக்கிலேயே ஒரு ஃபோல்டர் ஒதுக்கிக் கொடுத்தேன், ஏழரைக்குப் பக்கம் இணையத்தில் இருந்தது. ஆங்கிலப் பெயர்களுக்குச் சரியாகச் சொன்னது. 'தமிழ்' என்று தட்டினாள். 15 என்றது.

"மாமா, தமிழ் பதினஞ்சு எழுத்தா?"

பி.எச்.பியில் எனக்குத் தீராத வருத்தம் இதுதான். அதன் சாதாரண நீள ஃபங்ஷன் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், அதைச் சேமிக்கும் முறையான யு.டி.எஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. மொழியின் அடிப்படையிலேயே யூனிகோடைக் கொண்டுவரத்தான் பி.எச்.பி 6 தொடங்கினார்கள், வேலை சிக்கலாகி 2010இல் கைவிட்டார்கள், எண் 5இல் இருந்து 7க்குத் தாவியது அதனால்தான். பைத்தான் இதைச் செய்தது, 2008இல் 3.0 என்று பழைய கோடு உடைந்தாலும் பரவாயில்லை என்று மாற்றியது, ஆனால் பழைய பைத்தான் 2ஐ முழுதாக மூட 2020 வரை ஆனது. கோடிக்கணக்கான தளங்கள் ஒரு மொழியின் மேல் உட்கார்ந்திருக்கும்போது அதன் அஸ்திவாரத்தைத் தொடுவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் தமிழில் எழுதுகிறவனுக்கு இது வலிக்கும்.

பைட்டை விட்டுவிட்டு யூனிகோடு குறிகளை எண்ணும், எம்.பி என்று தொடங்கும் ஃபங்ஷனை மாற்றிப் போட்டோம், 5 வந்தது. "இன்னும் தப்பு மாமா, மூணுதான வரணும்?" கொக்கியையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்து எண்ணும் கிராஃபீம் ஃபங்ஷனுக்கு இன்டெல் என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும், தப்பாகப் படிக்காதீர்கள், சிப் கம்பெனி இல்லை, ஐ-என்-டி-எல். என் மலிவு ஹோஸ்டிங்கில் அது அணைந்து கிடந்தது. கண்ட்ரோல் பேனலில் தேடிப் பிடித்து டிக் அடித்தோம். ரெஃப்ரெஷ். 3. ஒன்பதரைக்கு லிங்க் அவள் வகுப்பு வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது.