சூப்பர் டகுமார் 50 எம்எம்: மஞ்சள் கண்ணாடி, இறுகும் வளையம், திருப்பி அனுப்பும் நியாயம்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த சூப்பர் டகுமார் 50 எம்எம் எஃப் 1.4 திரும்பி வந்துவிட்டது. ஏலத்தில் லென்ஸுக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் கூலிக்கே போய்விட்டது. ஜப்பானின் அசாஹி ஆப்டிக்கல் 1960களில் செய்த லென்ஸ், எம்42 என்ற திருகு மரையில் கேமராவில் மாட்டுவது, அடாப்டர் போட்டால் இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் உட்காரும். இதெல்லாம் பழைய லென்ஸ் தேடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். எஃப் 1.4-இல், அதாவது ஒளி வரும் துளையை முழுதாகத் திறந்து, ஒரு முகத்தை எடுத்தால் இமை முடி ஒவ்வொன்றாகத் தெரியும், காதுக்குப் போவதற்குள் எல்லாம் கரைந்துவிடும். அந்த அழகுக்காகவே இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது ஃபோகஸ் வளையத்தைப் பற்றி.

வீட்டுக்குள் வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றும். இங்கிலாந்தில் நவம்பர் பிறந்து வெளியே எடுத்துப் போனால் இறுகிவிடும். உள்ளே மரையில் பூசியிருக்கும் கிரீஸ் அரை நூற்றாண்டுப் பழையது, குளிர்ந்தால் கெட்டியாகிவிடுகிறது. சரி, கொஞ்சம் அழுத்தித் திருப்புவோம் என்றால் வளையம் அசையாது, லென்ஸே அடாப்டரிலிருந்து கழன்று சுழலத் தொடங்கும். மகள் பூங்காவில் ஓடி வருகிறாள், ஃபோகஸ் போடத் திருப்பினால் லென்ஸ் கையோடு வருகிறது. இப்படி எத்தனையோ நல்ல படங்கள் போயிருக்கின்றன.

விற்றவர் எழுதியிருந்தது 'ஃபோகஸ் மிருதுவாகச் சுற்றுகிறது' என்று. நான் வாங்கியது கோடையில். அவர் வீட்டு மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்திருப்பார், மிருதுவாகத்தான் இருந்திருக்கும். எனக்கு விஷயம் தெரிந்தபோது அந்த இணைய ஏலத் தளம் திருப்பி அனுப்பக் கொடுக்கும் 30 நாள் அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. பணம் கேட்காமல், அடுத்த முறை பழைய லென்ஸ் விற்றால் குளிரில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வரி பதில் போட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு நண்பர் கேட்ட கேள்வி. அவரும் இதே லென்ஸை ஏலத்தில் எடுத்தார். கடைசி நிமிஷத்தில் இன்னொருவர் போட்டிக்கு ஏற்ற, இவரும் விடாமல் ஏற்ற, விலை எகிறிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் அதே லென்ஸ் நிலையான விலையில் மலிவாகக் கிடக்கிறது. "கண்ணாடி மஞ்சளா இருக்கு, விவரித்தபடி இல்லைன்னு போட்டுத் திருப்பி அனுப்பிடவா?" என்றார்.

செய்யாதீர்கள் என்றேன். அந்த மஞ்சள் குறையே அல்ல. இந்த லென்ஸின் உள்ளே ஏழு கண்ணாடி கொண்ட வடிவத்தில், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை நன்றாக வளைக்கவும் நிறச்சிதறலைக் குறைக்கவும் அந்தக் காலத்தில் தோரியம் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிர்வீச்சு வருஷக்கணக்கில் கண்ணாடியைப் பழுப்பேற்றுகிறது. புற ஊதா வெளிச்சம் பட்டால் அது தெளியும். வெயில் விழும் ஜன்னலோரத்தில், பின்னால் அலுமினியத் தாள் வைத்துச் சில வாரம் விட்டால் போதும், இல்லையென்றால் புற ஊதா விளக்கு. என்னுடையதை அப்படித்தான் தெளியவைத்தேன். வருஷங்கள் போகப் போக மெல்லத் திரும்பி வரும், மறுபடி வெயிலில் வைக்கலாம். நண்பருக்கு விற்றவரோ லென்ஸை வெள்ளைத் தாள் மேல் வைத்து, மஞ்சள் பளிச்சென்று தெரியப் படம் எடுத்துப் போட்டிருந்தார். இதைவிட நேர்மையாக எப்படி விற்பது?

இணைய ஏலத் தளமான ஈபே தொடங்கிய 1995-இல் அதன் நிறுவனர் பியர் ஒமிடியார் முதலில் விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் சுட்டி, 14.83 டாலருக்கு. எடுத்தவரைத் தொடர்புகொண்டு, அது உடைந்தது என்று தெரியும்தானே என்று அவர் கேட்டாராம். தெரிந்தேதான் வாங்குகிறேன் என்று பதில் வந்ததாம். குறையை முன்னாலேயே சொல்லி விற்பது, தெரிந்து வாங்குவது, இந்த இரண்டும் இல்லாமல் முகம் தெரியாதவர்களோடு பழைய சாமான் வியாபாரமே நடக்காது.

நண்பரைக் கடித்தது வேறு. 1971-இல் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: பொருளின் மதிப்பு யாருக்கும் துல்லியமாகத் தெரியாத ஏலத்தில், அதை எல்லாரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர் கையில்தான் பொருள் வந்து சேரும். ஜெயித்த மறுநாள் வயிறு எரிவது அதனால்தான். அதற்கும் விற்றவருக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் 'மனசு மாறிவிட்டது' என்று சொன்னால் திருப்பி அனுப்பும் தபால் செலவு பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழும். 'விவரித்தபடி இல்லை' என்றால் அது விற்றவர் தலையில். அந்தத் தபால் காசை மிச்சம் பிடிக்கத்தான் பலர் பொய்க் காரணம் எழுதுகிறார்கள். 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவரைப் பற்றிக் கெட்ட மதிப்பீடு எழுதவும் வழியில்லை. விற்றவர் லென்ஸின் விலையைத் திருப்பிக் கொடுத்து, தபால் காசையும் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஏலம் போட வேண்டும். இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கலாமே என்றால், அவர் அதற்குள் வேறு லென்ஸ் வாங்கியிருப்பார். பொய் ஒருவருடையது, நஷ்டம் மற்றவர்களுக்கு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பொய்யே தேவையில்லாத வழியும் இருக்கிறது. விற்றவர் வியாபாரி என்றால், பிரிட்டனில் 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வாங்கியதை ரத்து செய்யலாம். நேரில் போய்க் கலந்துகொள்ள முடிகிற பொது ஏலத்துக்குத்தான் விலக்கு, வழக்கமான இணைய ஏலம் அதில் சேராது. ஜெர்மனியிலும் உச்ச நீதிமன்றம் 2004-இலேயே, ஈபேயில் வியாபாரியிடம் ஏலம் எடுத்தவருக்கு இந்த உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. விற்றவர் தன் அலமாரியைக் காலி செய்யும் தனி ஆள் என்றால் அந்த உரிமை கிடையாது. அப்போது உள்ளதை எழுதிக் கேட்க வேண்டும்: 'அதிகம் ஏற்றிவிட்டேன், திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா, தபால் செலவு என்னுடையது.' முடியாது என்றால் வைத்துக்கொண்டு படம் எடுக்கலாம், பிறகு விற்கலாம். இந்த லென்ஸுக்கு ஆள் கிடைக்காமல் போகாது.

விற்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இதே லென்ஸில் 1964-இல் வந்த எட்டுக் கண்ணாடி வடிவம் ஒன்று உண்டு, விலை கூடியது. அதன் பின்பக்கக் கண்ணாடி வெளியே புடைத்திருக்கும், தோரிய மஞ்சள் இருக்காது. ஏழு கண்ணாடியை எட்டு என்று எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்தால், உள்ளே பூஞ்சை படர்ந்திருப்பதை மறைத்திருந்தால், அன்றைக்கே பின் கண்ணாடியைப் பக்கவாட்டில் படம் எடுத்து, டார்ச் அடித்து உள்ளேயும் எடுத்து அனுப்பி முழுப் பணத்தையும் கேளுங்கள். கொஞ்சமும் தயங்க வேண்டாம். கேட்கும் முன் திருகைக் கழற்றிப் பார்க்காதீர்கள், பிறகு எந்தப் பழுது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

புதுக் கிரீஸ் போட்ட வளையம் இப்போது குளிரிலும் ஒரு விரலுக்கு நகர்கிறது. என்னிடம் உள்ள லென்ஸ்களில் எனக்குப் பிடித்தது இன்னும் இதுதான், விற்க மாட்டேன். ஆனால் இதே லென்ஸை ஏலத்தில் வாங்கலாமா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் உத்தரவாதம் தரும் பழைய கேமராக் கடைக்குப் போங்கள். போகிற நாள் குளிர்நாளாக இருந்தால், லென்ஸை வாசலுக்குக் கொண்டுவந்து ஒரு முறை சுற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.