உப்புக் காற்றில் 12 வோல்ட்: சின்ன பற்றரி மெஷின்களோடு சில வருடங்கள்

ட்றில், வாள் என்று பற்றரியில் ஓடும் மெஷின்களைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்காதீர்கள். டவுன் ஹாட்வெயார் கடைகளில் '48 விஎஃப்', '88 விஎஃப்' என்று மலிவுப் பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். அப்படியொரு பற்றரியைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஐந்து செல்தான். லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. மூன்று செல்லைத் தொடுத்தால் 10.8 வரும், அதையே 12 என்றும் 12.6 என்றும் விற்கிறார்கள். ஐந்தைத் தொடுத்தால் 18. அமெரிக்காப் பெட்டியில் அது 20, சீனாப் பெட்டியில் 21. சாதாரண வீட்டு வேலைக்கான மெஷின்களில் நாங்கள் தெரிவு செய்ய இருப்பது மூன்று செல்லா, ஐந்து செல்லா என்பதுதான்.

நான் மூன்று செல் பக்கம் போனேன். திருகோணமலைக் கரையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கெஸ்ட் ஹவுஸ்களில் திருத்த வேலை செய்பவனுக்கு ஒரு நாளில் வருவது பெரும்பாலும் சில்லறை வேலைகள்: கழன்ற பிணைச்சல், ஆடும் கட்டில், இறுகிய யன்னல், திரைச்சீலைக் கம்பி. ஏப்ரலில் சீசன் தொடங்கினால் அறை காலியாக இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வெளியேற வேண்டும். வயர் இழுத்து, பிளக் தேடி, எக்ஸ்டென்ஷன் விரிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். 2022 இல் 13 மணி நேரம் வரை கறண்ட் நின்ற நாட்களில் இந்தச் சின்னப் பற்றரிகளால்தான் கொஞ்சமாவது வேலை ஓடியது.

என்னிடம் இருப்பது மக்கிட்டாவின் 12 வோல்ட் வரிசை. டிஎஃப்333டி ட்றில், டிடி110டி இம்பக்ட் டிறைவர், ஒரு குட்டி வட்ட வாள், ஒரு வக்கியூம். ட்றில் பற்றரியோடு சேர்த்து ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். ஏணியில் நின்று தலைக்கு மேல் கையை நீட்டி வேலை செய்பவருக்கு அந்த எடை என்னவென்று தெரியும். முறுக்குவிசை, அதாவது ஸ்குறூவைத் திருகும் பலம், 30 நியூட்டன் மீட்டர். கடதாசியில் பார்த்தால் சின்ன இலக்கம்தான். மூன்றாம் கட்டை என்ற இடத்தில் ஒரு வீட்டில் என்னோடு வேலை செய்த வயதான ஓடாவி ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பிள்ளையள்ட விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு" என்றார். அன்று முழுக்கப் பிணைச்சல்களை அவர்தான் அதால் பூட்டினார், எனக்குத் திருப்பித் தரவில்லை.

இம்பக்ட் டிறைவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடையில் அதிகம் குழப்புவது அதில்தான். அது சுவர் துளைக்கும் மெஷின் அல்ல. உள்ளே இருக்கும் சுத்தியல் பக்கவாட்டில் சுழன்று அடித்து, ஸ்குறூவை முறுக்குகிறது, முன்னோக்கி இடிப்பதில்லை. 110 நியூட்டன் மீட்டர் என்பதால் நீளமான ஸ்குறூவும் மரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், கையிலும் முறுக்கு ஏறாது. ஆனால் முதிரை மரக் கதவு நிலையில் வழித்துளை போடாமல் அடித்தால் ஸ்குறூவின் தலை பட்டென்று உடைந்து கையில் வரும். மரம் விட்டுக்கொடுக்காது, மெஷினும் விடாது, இடையில் மாட்டுவது ஸ்குறூதான். ட்றில்லால் முதலில் துளை, பிறகு இம்பக்ட்டால் ஸ்குறூ என்று இரண்டையும் கையருகில் வைத்துக்கொண்டால் பிட் மாற்றும் வேலையும் இல்லை.

கதவு லொக் வேலை இந்த ட்றில்லுக்கு ஒரு சோதனை. குமிழ் லொக்குக்கு வட்டமாக அறுக்கும் 54 மில்லிமீட்டர் ஹோல் சோ போட வேண்டும். மகோகனிக் கதவில் கியரை 1 இல் வைத்து, இடையிடையே வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, அழுத்தாமல் போனால் முடியும். முதிரையில் வேண்டாம். பழைய வீட்டுக் கூரைகளில் பனஞ்சிலாகை இருந்தால், அந்த வைரத்தில் பெரிய துளை போடவும் இது ஆள் இல்லை.

வக்கியூமை வாங்கும்போது வீட்டில் சிரித்தார்கள். கடற்கரை அறைகளின் அலுமினிய யன்னல்கள் இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் அடித் தண்டவாளத்தில் சேரும் மணல். துணியால் துடைத்தால் மணல் ஓரத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும். இது உறிஞ்சி எடுத்துவிடும், உருளையை மாற்றாமலே பல யன்னல்கள் ஓடத் தொடங்கின. வட்ட வாளோ அலுமாரிப் பலகைக்கு மட்டும்தான்: 85 மில்லிமீட்டர் பிளேட், ஓர் அங்குலப் பலகையை அறுக்கும், அதற்கு மேல் ஆழம் இல்லை.

இனி கொன்கிறீற். திரைச்சீலைக் கம்பியின் தாங்கி வரும் இடம் யன்னலுக்கு மேல், லின்டல் என்ற கொன்கிறீற் விட்டத்தில். சீமெந்துக் கல் சுவரில் சின்னத் துளை போடுகிற எந்த 12 வோல்ட் ட்றில்லும் லின்டலில் முனகிக்கொண்டு நிற்கும், பிட் நீலமாகும் வரை சூடேறும். அதற்குப் பிட்டை முன்னோக்கி இடித்துக்கொண்டே சுழற்றும் எஸ்டிஎஸ் பிளஸ் ரோட்டரி ஹமர் தேவை. நான் அதை வயரோடு வைத்திருக்கிறேன், பற்றரியில் வாங்கும் எண்ணமும் இல்லை. கிறைண்டரும் அப்படியே. பொஷ்ஷின் 12 வோல்ட் கிறைண்டரில் போடுவது 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று இஞ்சி டிஸ்க். இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பது நாலு இஞ்சி.

நாளெல்லாம் மரம் அறுப்பவர், கூரை போடுபவர் என்றால் நேராக 18 வோல்ட்டுக்குப் போங்கள். மற்றவர்கள் 12 வோல்ட் தொகுதியும் வயர் உள்ள ரோட்டரி ஹமரும் என்று பிரித்து வாங்கினால், காசும் மிஞ்சும், தோளும் மிஞ்சும்.

எங்கள் ஊரில் மெஷினைக் கெடுப்பது உழைப்பை விட உப்புக் காற்றுதான். ட்றில்லில் பிட்டைப் பிடிக்கும் சக்கில் முதல் மழைக்காலத்திலேயே துரு பூத்தது. இப்போது கடற்கரை வேலை முடிந்த மாலையில் சக்கை முழுக்கத் திறந்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, துணியால் துடைக்கிறேன். பற்றரியின் தொடுமுனைகளை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும். வெயில் இன்னொரு தொல்லை. ஆடி மாதக் கச்சான் காற்றடிக்கும் மத்தியானத்தில், ஓடிக் களைத்த பற்றரியை அப்படியே சார்ஜரில் செருகினால் அது சார்ஜ் ஏற்றாமல் லைற்றைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். பழுது என்று நினைத்துக் கழற்றிக் கழற்றிப் போட வேண்டாம், நிழலில் ஆறவிட்டால் சரி. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் பற்றரியை விட்டுப் போவதுதான் மோசம். மாரியில் வேலை குறையும்போது பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன், முழுதாக நிரப்பியோ வெறுமையாகவோ வைப்பதில்லை.

எங்கள் ஆட்களில் பலருக்கு மெஷின் வருவது வெளிநாட்டு உறவினர் பெட்டியில். கனடாவிலிருந்து மாமா கொண்டு வரும் தொகுதியில் சார்ஜர் 120 வோல்ட்டாக இருக்கும். எங்கள் 230 இல் செருகினால் அன்றோடு சரி. வாங்க முன்பே சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லண்டன் சார்ஜரில் அந்தப் பிரச்சினை இல்லை, சதுரமுனைப் பிளக்கும் இங்கே பொருந்தும். இன்னொன்று, ஒரே கம்பெனியின் 12 வோல்ட் பற்றரி என்பதற்காக ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று இல்லை. மக்கிட்டாவின் பழைய 10.8, கைபிடிக்குள் குச்சி போல நுழையும். இப்போதையது அடியில் சறுக்கிப் பூட்டுவது. இரண்டும் சேராது. பொஷ்ஷில் பழைய 10.8 மெஷினுக்கும் புதிய 12 பற்றரி போகும்.

எனக்கு அடுத்ததாக வேண்டியது 4 ஏஎச் (அம்பியர் அவர்) பற்றரி ஒன்று. அதில் மூன்று செல்லுக்குப் பதில் ஆறு, இரண்டு வரிசை. கறண்ட் இழுவையைப் பங்குபோட்டுக்கொள்வதால் நேரம் நீள்வதோடு வட்ட வாளுக்கு மூச்சும் கூடும். லண்டனிலிருந்து வரும் மைத்துனரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கையில் கொண்டு வரும் பையில்தான் போட வேண்டும், விமானத்தில் தனிப் பற்றரியைச் சரக்குப் பெட்டியில் விடமாட்டார்கள். இந்தப் பற்றரி 43 வாட் அவர்தான். அனுமதி கேட்காமல் கொண்டு வரக்கூடிய எல்லை 100.