ஆன்கி செயலியில் மூன்று வருடம் ஆங்கிலச் சொற்கள்

நான் படித்தது தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்வழிப் படிப்புக்கு மாற ஒரு வருடப் புகுமுக வகுப்பு, பிறகு இடைநிலைப்பள்ளி. ஆங்கிலம் படித்தால் புரியும், எழுதத்தான் பயம். கோலாலம்பூரில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்ததும் தினமும் எழுத வேண்டி வந்தது. அப்போதுதான் ஆன்கியைப் போட்டேன். செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறினால் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கும்வரை அதுதான் வேலை.

2006இல் வந்த செயலி. ஆன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. அட்டையின் முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். நினைவிருந்தால் அந்த அட்டை பல நாள் கழித்து வரும், மறந்திருந்தால் உடனே திரும்பி வரும்.

முதல் ஆறு மாதம் யாரோ செய்து வைத்த அட்டைக்கட்டையே இறக்கிப் படித்தேன். அதில் ‘ரிலக்டன்ட்’ என்றாலும் தயக்கம், ‘ஹெசிடன்ட்’ என்றாலும் தயக்கம். இரண்டுக்கும் சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். ஒருநாள் பணம் கட்டாத வாடிக்கையாளரைப் பற்றி ‘ஹெசிடன்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். பிரிவில் மூத்த அக்கா படித்துவிட்டு, “கட்டலாமா வேணாமான்னு யோசிக்கிறாங்களா, இல்ல கட்ட மனசே இல்லையாம்மா?” என்று கேட்டார். மனசில்லாததுதான் ரிலக்டன்ட். அன்றிரவே அந்தக் கட்டை அழித்தேன்.

அதன்பிறகு என் அட்டைகளை நானே செய்கிறேன். வேலையில் கண்ணில் பட்ட முழு வாக்கியத்தை எழுதி, சொல் இருக்கும் இடத்தில் வெறும் கோடு போட்டு விடுவேன். பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு. பள்ளியில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றால் மிகச் சிறந்தது என்று படித்திருந்தேன். அலுவலகத்திலோ இன்வாய்ஸுக்கு மேல் அந்தச் சொல் இருந்தால் இன்னும் கட்டவில்லை என்று பொருள். குறிப்பில் ‘பாக்கி’ என்று போட்டேன். மலாயிலும் அது பாக்கிதான் என்பதால் ஒரே தடவையில் மனதில் நின்றுவிட்டது.

சிரமமும் உண்டு. ஒரு தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒன்பது நாள் தொடவில்லை. திரும்பி வந்ததும் தினம் 200 அட்டை வந்து நின்றது, கரைக்க இரண்டு வாரம் ஆனது. செயலி தானாக வைத்திருப்பது நாளுக்கு 20 புதிய அட்டை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அதிகம். நான் ஐந்தாகக் குறைத்த பிறகுதான் விடாமல் ஓடுகிறது. உச்சரிப்புக்கு ஒலியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ‘ரிசீட்’ என்பதில் எழுத்தில் இருக்கும் ‘பி’ பேச்சில் வராது என்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

போன மாதம் எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வு எழுதப்போகும் தங்கை என் அட்டைக்கட்டைக் கேட்டாள். கொடுக்கவில்லை. அவளுடைய கட்டுரைத் தாள்களில் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்த வாக்கியங்களை எடுத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் பத்து அட்டையைச் செய்தோம்.