எடிசனா, கேன்டனா?

அமெரிக்காவில் சுற்றிப்பார்க்க எது நல்லது? நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன், மிச்சிகன் மாநிலத்தின் கேன்டன் இரண்டுமே டவுன்ஷிப்தான், அதாவது ஒருவகை உள்ளாட்சிப் பகுதி. ஆனால் வரைபடத்தில் பார்த்தால் சங்கதியே வேறு. டெட்ராய்ட்டுக்கும் ஆன் ஆர்பருக்கும் நடுவில் இருக்கும் கேன்டன், 1785 நிலச் சட்டத்தின் வழியில் ஆறு மைலுக்கு ஆறு மைலாக அளந்து போட்ட கட்டம். 1834-இல் பிளிமத் டவுன்ஷிப்பிலிருந்து பிரிந்தபோது சீன நகரத்தின் பெயரை வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் நான்கின், பெக்கின் என்று சீன நகரப் பெயர் கொண்ட டவுன்ஷிப்புகளும்கூட இருந்தன!

எடிசனின் எல்லையோ கோணல்மாணல். 1870-இல் ராரிட்டன் டவுன்ஷிப்பாகத் தொடங்கி, 1954-இல்தான் இன்றைய பெயருக்கு மாறியது. 1877-இல் தாமஸ் எடிசன் ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் ஃபோனோகிராஃபை உருவாக்கிய மென்லோ பார்க் இங்கேதான்.

2020 கணக்கெடுப்பில் எடிசனில் 1,07,588 பேர், கேன்டனில் 98,659 பேர். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டில் சேலைக்கடையும் நகைக்கடையும் வரிசைகட்டி நிற்பதால், சுற்றிப்பார்க்க என் ஓட்டு எடிசனுக்கே.