கம்பெனி மவுண்டிங்கா, மார்க்கெட் மவுண்டிங்கா?

சிக்னலில் நின்றால், உள்கண்ணாடியில் பின்னாலிருக்கும் பஸ் இரண்டாகத் தெரியும். கதவுப் பையில் கிடக்கும் சில்லறை கிலுகிலுக்கும். வண்டி 9 வருஷப் பழைய டீசல் ஹேட்ச்பேக், 4 சிலிண்டர். ஓடும்போது ஒரு குறையும் இல்லை, நின்றால்தான் நடுக்கம். ஒரே வருஷத்தில் இரண்டு முறை என்ஜின் மவுண்டிங் மாற்றினேன், அதாவது என்ஜினை வண்டியின் பாடியோடு தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வைத்த பாகம். முதலில் மார்க்கெட் பீஸ் (வெளியார் தயாரிப்பு), பிறகு கம்பெனி பீஸ் (வண்டிக் கம்பெனியின் அசல்). யார் பக்கம் பேசப்போகிறேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

நடுக்கம் என்றாலே மவுண்டிங் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சைலன்சர் முனைக்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். காற்று சீராக அடிக்காமல் விட்டுவிட்டு அடித்தால் அது மிஸ்ஸிங், ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. டீசல் என்றால் இன்ஜெக்டர், பெட்ரோல் என்றால் பிளக், காயில் என்று தேட வேண்டும். அதற்கு மவுண்டிங் மாற்றுவது காய்ச்சலுக்குக் கட்டிலை மாற்றுகிற கதை. என்ஜின் சீராக ஓடி, 1,200 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்றுகள்) தாண்டியதும் நடுக்கம் அடங்கினால்தான் மவுண்டிங்மேல் சந்தேகப்பட வேண்டும். என் மெக்கானிக், என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குக் கீழே மரப்பலகை வைத்து, ஐட்லிங்கிலேயே (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும்போதே) ஜாக்கியால் என்ஜினை லேசாக ஏந்திப் பிடித்தார். ஸ்டீயரிங் சட்டென்று அமைதியானது. மவுண்டிங்தான் காரணம், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

குறுக்குவாக்கில் என்ஜின் இருக்கும் இந்த மாதிரி வண்டிகளில் எடையைத் தாங்குவது முக்கியமாக இரண்டு மவுண்டிங். ஒன்று டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம், இன்னொன்று கியர்பாக்ஸ் பக்கம். கீழே இருக்கும் டார்க் ராடு என்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் இழுத்துப் பிடிக்கும். எனக்குப் போனது டைமிங் பக்கம். என்ஜின் தலைமேல் மூடியான டேப்பெட் கவரில் கசிந்த ஆயில் அதன்மேல் சொட்டிச் சொட்டி ரப்பர் ஊறி உப்பியிருந்தது. அந்தக் கசிவை அடைக்காமல் எந்த மவுண்டிங் போட்டாலும் நிலைக்காது.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் மார்க்கெட் பீஸ் 1,300 ரூபாய்க்குக் கிடைத்தது. கம்பெனி பீஸ் 3,400. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அச்சு. “அண்ணே, இதை மாட்டினா வண்டி நிக்கும்போது டிராக்டர் மாதிரி இருக்கும்” என்று மெக்கானிக் தம்பி அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை.

வித்தியாசம் உள்ளே இருந்தது. கம்பெனி பீஸ் ஹைட்ராலிக். ரப்பருக்குள் திரவம் அடைத்த அறைகள் உண்டு. நான் வாங்கிய மார்க்கெட் பீஸ் வெறும் கெட்டி ரப்பர். அது ஏன் ஐட்லிங்கில் மட்டும் காட்டிக்கொடுக்கிறது என்றால், 800 ஆர்.பி.எம்.மில் 4 சிலிண்டர் என்ஜின் நொடிக்கு சுமார் 27 முறை அடிக்கிறது. ரப்பர் மென்மையாக இருந்தால் அந்த அடியைத் தானே வாங்கி விழுங்கிவிடும். கெட்டியாக இருந்தால் அப்படியே பாடிக்குக் கடத்தும். ஆர்.பி.எம். ஏறும்போது அடிகள் வேகமாகிவிடுவதால் கெட்டி ரப்பரும் ஓரளவு சமாளித்துவிடும். அதனால்தான் டெஸ்ட் டிரைவில் எல்லாம் நன்றாக இருக்கும், வீட்டு வாசலில் வந்து நின்றதும் குட்டு வெளிப்படும். தாங்கும் பலத்தில் மார்க்கெட் பீஸ் குறைச்சல் இல்லை. ஆனால் நாம் காசு கொடுப்பது பலத்துக்கு மட்டுமல்ல, அந்த மென்மைக்கும்தான். 8 மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

கூலிக் கணக்கையும் பாருங்கள். எந்தப் பீஸ் ஆனாலும் கழற்றி மாட்ட 900 ரூபாய். முதல் முறை நான் கொடுத்த 2,200 ரூபாயும் தண்டம். மிச்சம் பிடிக்கப் போய் கம்பெனி பீஸ் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை விட்டேன்.

மார்க்கெட் பீஸை மொத்தமாக ஒதுக்கவும் மாட்டேன். டார்க் ராடு மார்க்கெட்டில் வாங்கியதுதான், இன்றுவரை தொந்தரவு இல்லை. வண்டியைச் சீக்கிரம் விற்கப்போகிறவருக்கும் மார்க்கெட் மவுண்டிங்கே போதும். வாங்குபவர் ஏ.சி. போட்டு நிறுத்திப் பார்க்காதவராக இருந்தால்!

புதுப்பேட்டையில் பழைய பீஸ் எடுக்கலாமே என்பார்கள். கண்ணாடி, கதவு என்றால் சரி. ரப்பர் சும்மா கிடந்தாலும் வயசாகும். ரப்பருக்குப் பதில் போடும் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு. நண்பர் வண்டியில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தேன், பல் ஆடியது. அதை வைத்து எல்லாவற்றையும் எடைபோட முடியாதுதான். 3 சிலிண்டர் வண்டிக்காரர்களும் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஆட்டம் வேறு மாதிரி.

மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். போல்ட்டுகளை முதலில் தளர்வாகக் கோத்து, ஜாக்கியை இறக்கி, என்ஜின் எடை மவுண்டிங்மேல் உட்கார்ந்த பிறகே முழுசாக முறுக்கச் சொல்லுங்கள். தொங்கவிட்டபடியே முறுக்கினால் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே திருகிக்கொண்டு நிற்கும்.

இப்போது கண்ணாடியில் பஸ் ஒன்றாகத் தெரிகிறது. காலையில் குளிர்ந்த என்ஜினை எழுப்பினால் ஒரு நிமிஷம் லேசான அதிர்வு மட்டும் இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங் இன்னும் வண்டியோடு வந்த பழசு. அடுத்த சர்வீஸில் அதைப் பார்க்க வேண்டும்.