ஹெர்பர்ட் ஸ்பென்சர்: முற்காலப் பதிப்புகளா, திருத்திய தொகுதியா?

ஆங்கில மெய்யியலாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சரின் (1820–1903) பழம்பதிப்புகளைச் சேர்க்க விரும்புபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. 1860இல் அவர் அறிவித்து 1896இல் முடித்த 'சிந்தெடிக் ஃபிலாசஃபி' என்ற மெய்யியல் நூல் வரிசையை, அவர் கடைசியாகத் திருத்திய வடிவில், ஒரே சீரான அட்டைக்கட்டுடன் வாங்கலாம். அல்லது ஒவ்வொரு நூலையும் அது முதலில் வெளிவந்த காலத்துப் பதிப்பாகத் தேடிச் சேர்க்கலாம். நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

திருத்திய தொகுதி விரைவில் நிறைவடையும்; அலமாரியில் அழகாகவும் நிற்கும். அதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பென்சர் தம் நூல்களை ஓயாமல் திருத்தியவர் என்பதால், இங்கே பதிப்பு மாறினால் நூலே மாறிவிடுகிறது. 1862இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிரின்சிபிள்ஸ்' நூலின் இரண்டாம் பகுதியை 1867இல் அவர் மாற்றி அடுக்கியதோடு, பரிணாமத்துக்குத் தந்த வரையறையிலும் இயக்கம் சிதறிக் கரைவதைப் புதிதாகச் சேர்த்தார்.

இதைவிடப் பெரிய சான்று 'சோஷியல் ஸ்டாடிக்ஸ்'. லண்டனில் ஜான் சாப்மன் வெளியிட்ட 1851ஆம் ஆண்டுப் பதிப்பில், நிலத்தின் மீது எல்லோருக்கும் சம உரிமை உண்டு என்று வாதிடும் இயலும், அரசை ஏற்காமல் விலகி நிற்கும் உரிமையைப் பேசும் இயலும் இருக்கின்றன. 1892இல் அவரே சுருக்கித் திருத்தி, 'தி மேன் வெர்சஸ் தி ஸ்டேட்' நூலோடு சேர்த்து வெளியிட்டபோது அவ்விரு இயல்களும் நீக்கப்பட்டன. நிலம் பற்றிய இந்த மாற்றத்தைக் கண்டித்து அமெரிக்கப் பொருளியல் எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் அதே ஆண்டில் 'எ பெர்ப்ளெக்ஸ்டு ஃபிலாசஃபர்' என்று ஒரு நூலே எழுதினார். திருத்திய வடிவத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பதே விளங்காது.

சாப்மன் பதிப்பு கைக்கு எட்டாதவர்கள், நியூயார்க்கில் ஆப்பிள்டன் நிறுவனம் 1865 முதல் அச்சிட்ட முழு வடிவத்தைத் தேடலாம். அறிவியல் எழுத்தாளர் எட்வர்ட் யூமன்ஸின் முயற்சியால் அமெரிக்காவில் ஸ்பென்சர் பரவலாக வாசிக்கப்பட்டதால், ஆப்பிள்டன் பிரதிகளைக் கண்டுபிடிப்பது கடினமன்று. வாங்குமுன் தலைப்புப் பக்கத்து ஆண்டையும் பொருளடக்கத்தையும் பார்த்து, அந்த இரண்டு இயல்களும் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டின் பொலிவு அதற்குப் பிறகுதான். மறுவிற்பனை பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. நான் வாங்கியிருக்கிறேனே தவிர விற்றதில்லை.

அவரைப் பற்றிய நூல்களில் டேவிட் டங்கன் 1908இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும் கடிதங்களும் முதலில் வாங்கத்தக்கவை. ஸ்பென்சரின் செயலாளராக இருந்து, பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றியவர் டங்கன் என்பதில் நமக்குத் தனி ஈடுபாடு இருப்பது இயல்பே.

ஒரு நூலில் மட்டும் என் சாய்வு தளர்கிறது. டார்வின் 1869இல் தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில் ஏற்றுக்கொண்ட 'தக்கன பிழைத்தல்' என்ற தொடர் முதலில் அச்சேறியது 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் பயாலஜி'யின் 1864ஆம் ஆண்டு முதல் தொகுதியில்தான். அதற்காக அது வேண்டும். எனினும் உயிரியலில் இடைப்பட்ட காலத்து வளர்ச்சியைக் கருதி ஸ்பென்சர் 1898–99இல் விரிவாக்கிய பதிப்பையும் விட மனமில்லாமல், இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறேன்.