சாம்பிள் அசல் பட்டு, வந்தது பாலியஸ்டர்: 186 பவுண்ட் போச்சு

186 பவுண்ட். போன செவ்வாய்க்கிழமை பார்சலைப் பிரித்ததிலிருந்து இந்த எண்தான் மண்டைக்குள் ஓடுகிறது. டியூடர் காலத் தலையணி (16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்கள் அணிந்த ஹூட்) தைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் துணி வாங்குங்கள்.

லண்டனில் எங்கள் பகுதி நாடகக் குழுவுக்காக, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் மனைவிமார் மூன்று பேருக்குத் தலையணி செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அரகான் கேத்தரினுக்கும் ஜேன் சீமோருக்கும் கேபிள் ஹூட், ஆன் போலினுக்கு வளைவான முகப்பு கொண்ட பிரெஞ்சு ஹூட். கேபிள் ஹூட் நெற்றிக்கு மேலே வீட்டுக் கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கும். அதை அணிந்த பெண்ணை முன்னும் பின்னும் காட்டி அந்தக் காலத்து ஓவியர் ஹோல்பைன் வரைந்த படம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு வாரம் காகிதத்தில் அளவு வெட்டினேன். உள்ளே பக்ரம் என்கிற விறைப்புத் துணி, ஓரம் முழுக்கக் கம்பி, மேலே கறுப்பு வெல்வெட். அந்த வெல்வெட் முதுகில் கனமாக விழ வேண்டும், இல்லையென்றால் ஹூட்டே எடுபடாது.

கைவினைப் பொருட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்தக் கடை கண்ணில் பட்டது. பட்டு வெல்வெட் இரண்டு மீட்டர், இரட்டை அடுக்கு பக்ரம், கம்பி எல்லாம் அங்கேயே இருந்தன. முதலில் சாம்பிள் கேட்டேன். உள்ளங்கை அளவுத் துண்டு தபாலில் வந்தது. ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். முடி கருகுகிற வாடை, தொட்டதும் பொடியாகிற சாம்பல். அசல் பட்டு! கூடவே கையால் எழுதிய சீட்டு: "ஹூட் முடிந்ததும் படம் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது." அங்கேதான் விழுந்தேன். "சந்தைக்கு கமிஷன் போகிறது, நேரே அக்கவுண்டில் போட்டால் 20 பவுண்ட் குறைக்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் 186 பவுண்டைப் போட்டுவிட்டேன்.

வந்த துணியிலும் ஒரு நூலை உருவி எரித்தேன். சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம். பக்ரம் ஒற்றை அடுக்கு; கம்பி வைத்துத் தைத்தும் முகடு சரிகிறது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு "போட்டோ வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும்" என்றார். எரித்த வீடியோவை அனுப்பினேன். "சாம்பிள் வேறு ரோல்" என்றார். அடுத்து, "வெட்டிய துணியைத் திருப்பி எடுப்பதில்லை." அப்புறம் பதிலே இல்லை. பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று சந்தைக்காரர்கள் இரண்டே வரியில் முடித்துக்கொண்டார்கள். பேங்குக்குப் போன் போட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். "பொருள்தான் வந்துவிட்டதே, இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள தகராறு" என்கிறார்கள். என் 186 பவுண்டுக்கு யாருமே பொறுப்பில்லை. அசல் துண்டை அனுப்பி நம்ப வைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தெரியாமல் நடந்த தவறு என்று இனி யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சனிக்கிழமை நாடகம், ஒரு ஹூட்கூட முடியவில்லை, ஆன் போலினுக்குக் கோத்த முத்துப் பட்டை மேசையில் அப்படியே கிடக்கிறது. அதனால் சுருக்கமாக: சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். கத்தரி வைக்கும் முன் வந்த துணியையும் எரித்துப் பாருங்கள். சாம்பிளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டேன், இருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பேன். லண்டனில் நேரில் தொட்டுப் பார்த்து வாங்கக்கூடிய வெல்வெட் கடை தெரிந்தால் சொல்லுங்கள், நாளைக்கே போகிறேன்.